தேயாத டயரையும் மாற்ற வேண்டிய காலம்: வேலூர் வட்டாரக் கார் உரிமையாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஊர்களில் அதிகம் ஓடாத கார்களுக்குக் குறைவே இல்லை. பிள்ளைகள் பெங்களூருவிலோ வெளிநாட்டிலோ இருக்க, சத்துவாச்சாரியிலோ காந்தி நகரிலோ வாசலில் நிற்கும் வண்டி கல்யாணத்துக்கும் காரியத்துக்கும், எப்போதாவது ஸ்ரீபுரம் போய்வருவதற்கும் மட்டுமே கிளம்புகிறது. அப்படிப்பட்ட வண்டியின் டயரில் ஏழு ஆண்டு கழித்தும் பட்டன் (தரையில் படும் பகுதியிலுள்ள வெட்டு வரிகள்) ஆழமாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, “இன்னும் இருபதாயிரம் கிலோமீட்டர் தாராளமாக ஓடும்” என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நம் பக்கத்து வெயிலில், குறைவாக ஓடும் வண்டியின் டயர் தேய்வதற்கு முன்பே மூப்படைந்துவிடுகிறது. ஆகவே பட்டனின் ஆழத்தைக் கடைசியில் அளந்தால் போதும், வயதை முதலில் பாருங்கள் என்பதே இந்த வழிகாட்டியின் வரிசை.

நிற்கும் டயர் ஏன் கெடுகிறது

காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஓயாமல் தாக்கி, அதன் நெகிழ்வைக் குறைத்து, அதைக் கடினமாக்குகின்றன. வெப்பம் கூடக்கூட இந்த வினை விரைவடைகிறது. இதைத் தடுக்க டயர் செய்யும்போதே ரப்பரில் ஒரு வகை மெழுகையும் ஓசோன் எதிர்ப்புப் பொருள்களையும் கலக்கிறார்கள். டயர் உருண்டு, நசுங்கி, விரியும்போதுதான் இவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து மெல்லிய படலமாகப் பரவுகின்றன. மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு புதுப்பிக்கப்படுவதில்லை. அதனால், “வண்டி ஓடவே இல்லை, டயர் எப்படிப் போகும்?” என்ற கேள்விக்கு, ஓடாததும் ஒரு காரணம் என்பதே பதில்.

வெளியே தெரியும் வெடிப்பைவிட ஆபத்தானது உள்ளே நடப்பது. டயருக்குள் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பர் அடுக்குகளின் ஊடே சிறிது சிறிதாக வெளிநோக்கி ஊடுருவுகிறது. அந்த வழியில்தான், பட்டன் பகுதிக்குக் கீழே எஃகுக் கம்பிப் பட்டைகளை ஒன்றோடொன்று பிணைத்துவைத்திருக்கும் ரப்பர் இருக்கிறது. அது தன் பிடிமானத்தை இழக்கும்போது பட்டையின் விளிம்பில் நுண்ணிய விரிசல் தொடங்கி, ஒரு நாள் அதிக வேகத்தில், முழுச் சுமையில், நடுப்பகல் வெயிலில் பட்டன் பகுதி அப்படியே உரிந்துகொண்டு வந்துவிடுகிறது. வாணியம்பாடிக்கும் வாலாஜாவுக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 48-இன் ஓரத்தில் கிடக்கும் நீண்ட ரப்பர்ப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். லாரி டயரிலிருந்து உரிந்தவைதான் பெரும்பாலும் என்றாலும், கார் டயரும் இதே விதத்தில்தான் பிரிகிறது.

வேலூரில் அக்னி நட்சத்திர நாட்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். நிழலற்ற தார்ச் சாலையின் மேற்பரப்பு அந்நேரத்தில் 60 டிகிரியைத் தொடக்கூடும். மலைப்பாங்கான குளிர் ஊரில் எட்டு ஆண்டு தாங்கும் டயர் இங்கேயும் அவ்வளவு காலம் தாங்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

முதல் படி: பிறந்த தேதியைப் படித்தல்

டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற மூன்று எழுத்துகளைத் தொடர்ந்து எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசியில், பெரும்பாலும் நீள்வட்டச் சட்டத்துக்குள், நான்கு இலக்க எண் ஒன்று பதிந்திருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதையும், பின் இரண்டு இலக்கங்கள் எந்த ஆண்டு என்பதையும் குறிக்கின்றன. 2419 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில், அதாவது ஜூன் நடுவில் செய்யப்பட்ட டயர். 2000ஆம் ஆண்டு முதல் இந்த நான்கு இலக்க முறைதான். மூன்றே இலக்கம் இருந்தால் அந்த டயர் அதற்கும் முந்தையது, வேறு எதையும் பார்க்காமல் கழற்றி எறியலாம்.

இந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருப்பதுண்டு. பொருத்தியவர் அந்தப் பக்கத்தை வண்டிக்கு உள்புறமாகத் திருப்பி மாட்டியிருந்தால் வெளியிலிருந்து தேடிக் களைத்துப்போவீர்கள். முன்சக்கரமானால் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பிவைத்து, இன்ஜினை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, கைப்பேசியின் விளக்கைப் போட்டு உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கருப்பின் மேல் கருப்பாகவே எழுத்து இருப்பதால் நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் விளிம்பில் நிழல் விழுந்து படிக்க வரும். புழுதி அப்பியிருந்தால் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டு, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். பழைய வண்டியை வாங்கியவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். 2015 மாடல் வண்டியில் நான்கு டயரும் புதிதாக இருக்க, ஸ்டெப்னி மட்டும் வண்டி பிறந்தபோதே வந்ததாக இருப்பது மிகச் சாதாரணம். அந்த ஸ்டெப்னியில் பட்டன் புதிதாகவே மின்னும், ஏனென்றால் அது தரையைத் தொட்டதே இல்லை. அதன் ரப்பரின் வயது மட்டும் நின்றிருக்காது.

வயதை வைத்து என்ன முடிவெடுப்பது? ஐந்தாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கொருமுறை டயரைத் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்பதும், எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் பத்தாம் ஆண்டைத் தாண்டி ஒரு டயரையும் ஓட்டக் கூடாது என்பதும் டயர் நிறுவனங்கள் பலவும் சொல்லும் பொது எல்லைகள். கார் நிறுவனங்கள் பல தங்கள் கையேட்டில் ஆறு ஆண்டையே எல்லையாக அச்சிடுகின்றன. நம் ஊருக்கு நான் சொல்லும் கணக்கு டயர் நிறுவனங்களின் பத்தாண்டு எல்லையைவிடக் கண்டிப்பானது: கூரையில்லாமல் வெயிலில் நிற்கும் வண்டியானால் ஆறு ஆண்டு முடிந்ததும் மாற்றிவிடுங்கள், மூடிய கொட்டகையில் நின்று, அடுத்து வரும் சோதனைகளில் குறையேதும் தெரியாத டயருக்கு மேலும் ஓராண்டு தரலாம். ஏழு ஆண்டைத் தாண்டிய டயரோடு ஊருக்குள் காய்கறி வாங்கப் போகலாமா என்றால் விவாதிக்கலாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறலாமா என்றால் விவாதத்துக்கு இடமில்லை.

இரண்டாம் படி: கண்ணாலும் கையாலும் பார்த்தல்

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், டயர் குளிர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் குந்தி உட்கார்ந்து பாருங்கள். பக்கச் சுவரில் தலைமுடி அளவுக்கு மெல்லிய கோடுகள் வலைபோலப் பின்னியிருந்தால் மூப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். அது உடனடி ஆபத்தல்ல, ஆனால் கண்காணிப்பில் வைக்க வேண்டியது. விரல் நகம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஆழமான வெடிப்பும், டிஸ்க்கின் (டயர் மாட்டியிருக்கும் உலோகச் சக்கரத்தின்) விளிம்பை ஒட்டி வட்டமாக ஓடும் வெடிப்பும், பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் வெடிப்பும் வேறு வகை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வயதைப் பார்க்க வேண்டியதில்லை, மாற்ற வேண்டியதுதான். பள்ளத்தின் அடி வெடிப்பைப் பலர் கவனிப்பதில்லை. சிறு கற்கள் அடைத்திருப்பதால் அது மறைந்துகிடக்கும். கல் குவாரிகளும் ஜல்லி லாரிகளும் மிகுந்த நம் பக்கத்துச் சாலைகளில், இந்தக் கற்களை மொட்டையான திருப்புளியால் நோண்டி எடுத்துவிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

அடுத்து, உள்ளங்கையைப் பக்கச் சுவரில் வைத்து முழு வட்டமும் தடவிச் செல்லுங்கள். ஓரிடத்தில் கொப்பளம்போல வீங்கியிருந்தால் உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்டன; குழியில் விழுந்தோ, வேகத்தடையில் அடித்தோ, நடைபாதை விளிம்பில் மோதியோ இது நேர்கிறது. அந்த இடத்தில் காற்றைத் தாங்கி நிற்பது மெல்லிய ரப்பர் மட்டுமே. வீங்கிய டயருக்கு ஒட்டும் இல்லை, மருந்தும் இல்லை. அன்றே கழற்றி ஸ்டெப்னியை மாட்டுங்கள். மாறாக, உள்நோக்கிய மெல்லிய பள்ளக் கோடு செங்குத்தாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் நூலடுக்குகள் இணையும் இடத்தின் தடம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை: வாட்டர் வாஷ் செய்யும் இடங்களில் டயருக்குப் பளபளவென்று கருப்புப் பூச்சு அடித்துத் தருகிறார்கள். அது வெடிப்புகளை மறைத்துவிடும்; எண்ணெய் கலந்த பூச்சானால் நாளடைவில் ரப்பருக்கும் நல்லதல்ல. பழைய கார் பார்க்கப் போகும்போது டயர் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: பட்டனின் ஆழம்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதைக் காட்டுவதற்காகவே பள்ளத்தின் அடியில் குறுக்குவாட்டில் சிறு மேடுகள் வார்க்கப்பட்டுள்ளன. பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ இருக்கும் இடத்துக்கு நேராகத் தேடினால் அவை தென்படும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் சட்டப்படியும் முடிந்துவிட்டது.

ஆனால் 1.6 என்பது கடைசி எல்லை, நல்ல எல்லை அல்ல. புதிய டயரில் 7, 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளங்கள் சாலையிலுள்ள தண்ணீரை வாங்கி வெளியே தள்ளுகின்றன. ஆழம் குறையும்போது அந்தத் தண்ணீர் போக வழியின்றி டயருக்கும் தாருக்கும் நடுவே தங்கி, வேகத்தில் டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. அந்த நொடியில் ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் வண்டி கட்டுப்படாது. எனவே 3 மில்லிமீட்டரிலேயே மாற்றத் திட்டமிடுவது நல்லது. ஆழமானி என்ற சிறு கருவி மலிவாகக் கிடைக்கிறது. வெளி விளிம்பு, நடு, உள் விளிம்பு என மூன்று இடங்களில், சக்கரத்தைச் சற்று உருட்டி இன்னும் ஓரிரு இடங்களில் அளந்து, கிடைத்தவற்றில் மிகக் குறைந்த எண்ணையே அந்த டயரின் ஆழமாகக் கொள்ளுங்கள்.

தேய்மானம் சமமாக இல்லையென்றால் டயரை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தீர்க்க வேண்டும். இரு ஓரமும் தேய்ந்து நடு நிற்பது காற்றுக் குறைவாலும், நடு மட்டும் தேய்வது காற்று மிகுதியாலும், ஒரு ஓரம் மட்டும் தேய்வது வீல் அலைன்மென்ட் கோளாறாலும் வருகிறது. அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே கோலத்தில் தேயும்.

நான்காம் படி: ஓட்டும்போது கவனித்தல்

மற்ற மூன்றும் நன்றாக இருக்க ஒரு டயர் மட்டும் வாரந்தோறும் காற்று இறங்குவது, நேரான சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவது, முன்பில்லாத உறுமல் ஒலி கேட்பது ஆகியவை சோதனைக்குரியவை. இவையெல்லாம் டயரின் குற்றமாகவே இருக்க வேண்டியதில்லை. வால்வு, பேலன்சிங், வீல் பேரிங் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நெடுஞ்சாலையில் திடீரென்று சக்கரத்திலிருந்து தடதடவென்று சீரான அதிர்வு கிளம்பி, வேகத்தோடு அதுவும் கூடினால், பட்டை பிரியத் தொடங்கியிருக்கலாம். சடன் பிரேக் போடாமல் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரை போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

காற்றைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கை

கோடையில் டயருக்குள் காற்று விரிந்து வெடித்துவிடும், ஆகவே மே மாதத்தில் காற்றை நாலைந்து பாயின்ட் குறைத்து வைக்க வேண்டும் என்று நம் ஊரில் அனுபவசாலிகளே சொல்வார்கள். உண்மை இதற்கு நேர் எதிரானது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கலில் பிறக்கும் வெப்பமே டயரைக் கொல்கிறது. ஓட்டத்தில் அழுத்தம் சில பாயின்ட் கூடுவது இயல்பு. அதையும் கணக்கில் கொண்டுதான் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியிலோ ஒட்டியுள்ள தாளில் குளிர்ந்த நிலைக்கான எண்ணை நிறுவனம் குறிப்பிடுகிறது. ஆகவே அந்த எண்ணையே வையுங்கள். முழுச் சுமைக்கு வேறு எண் இருந்தால், ஐந்து பேரும் பெட்டியுமாகக் கிளம்பும் நாளில் அதை வையுங்கள். அளப்பது காலையில், வண்டி நகர்வதற்கு முன் அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். பல நாள் காற்றில்லாமல் ஓட்டப்பட்ட டயர் வயதில் இளையதானாலும் உள்ளே வெந்துபோயிருக்கும் என்பதால், கழற்றும்போது உள்பக்கச் சுவரில் ரப்பர்த் தூளோ கருகிய வளையமோ தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால் அந்த டயரைத் திரும்ப மாட்டாதீர்கள்.

நைட்ரஜன் நிரப்புவதால் கெடுதல் இல்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அதற்குத் தரும் காசைவிட மாதம் இருமுறை அளப்பது பயன் தரும்.

எப்போது மாற்றுவது, எத்தனையை மாற்றுவது

பட்டன் குறைந்ததால் மாற்றுவதானால் செப்டம்பருக்குள் மாற்றுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், தென்மேற்குப் பருவத்தின் மாலை மழைகளும் வேலூருக்குக் கணிசமாக உண்டு. வயதானதால் மாற்றுவதானால் மார்ச்சுக்குள் மாற்றுங்கள், கோடையை அந்த டயரோடு கடக்க வேண்டாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ ஜவ்வாது மலைக்கோ கிளம்பத் திட்டமிருந்தால் அந்தப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

வயதானதால் மாற்றும்போது நான்கும் ஒரே காலத்தவை என்பதால் நான்கையும் மாற்றுவதே முறை. தேய்மானத்துக்காக மாற்றினால் ஒரே அச்சிலுள்ள இரண்டையும் ஒருசேர மாற்ற வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கு நான்குமே ஒத்த ஆழத்தில் இருப்பது நல்லது. இரண்டு மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். இன்ஜின் முன்சக்கரத்தை இழுப்பதால் புதியதை முன்னால் போட வேண்டும் என்று கடைக்காரரே வாதிடலாம். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் ஓரளவு கட்டுக்குள் வந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க முடியாது. புதியவை பின்னால் போக வேண்டியது அதனால்தான்.

பஞ்சர் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பட்டன் பகுதியின் நடுவில் ஆணி ஏறிய சிறு துளையை, டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போட்டு அடைக்கலாம். வெளியிலிருந்து குத்தி ஏற்றும் திரி ஊர் போய்ச் சேர்வதற்கு மட்டும். ஓரத்திலோ பக்கச் சுவரிலோ விழுந்த துளைக்கு ஒட்டுப் போட ஒப்புக்கொள்பவரிடம் போகாதீர்கள்.

வாங்கும்போது

185/65 ஆர்15 88எச் என்று பழைய டயரில் இருந்தால், 185 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 விழுக்காடு பக்கச் சுவரின் உயரம், 15 அங்குல டிஸ்க், ஒரு டயர் 560 கிலோ தாங்கும், மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை பொறுக்கும் என்று பொருள். கடைசி எண்ணும் எழுத்தும் இதைவிட உயர்ந்திருக்கலாம், தாழக் கூடாது. அரக்கோணத்தை அடுத்த இச்சிப்புத்தூரில் எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது, சென்னைக்கு அருகிலும் டயர் ஆலைகள் பல உள்ளன; ஆயினும் கூப்பிடு தூரத்தில் செய்த டயர் என்பதால் அது கடைக்குப் புதிதாக வந்தது என்றாகிவிடாது. மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் நான்கு இலக்கத்தைப் படித்து, ஆறு மாதத்துக்குள் செய்ததையே கேளுங்கள். அதிகம் விற்காத அளவானால் ஓராண்டு வரை ஏற்கலாம். தள்ளுபடி வழக்கத்துக்கு மீறி இருந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். அந்த எண்களை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது பிற்பாடு உத்தரவாதம் கேட்கும்போது உதவும்.

செகண்ட் ஹேண்ட் டயரை நான் எந்த விலைக்கும் பரிந்துரைப்பதில்லை. அது எப்படி ஓட்டப்பட்டது என்பது தெரியாது. தேய்ந்த பள்ளத்தை மறுபடி ஆழமாகச் சீவிப் புதிதுபோல விற்கும் வழக்கமும் உண்டு.

புது டயரோடு ரப்பர் வால்வையும் மாற்றி, பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்துகொள்ளுங்கள். முதல் 200, 300 கிலோமீட்டர் வரை, வார்ப்பின்போது ஒட்டிய வழுக்குப் பூச்சு தேய்ந்துபோகும் வரையில், பிரேக்கையும் வளைவையும் நிதானமாக வைத்திருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். ஏறக்குறைய 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின்னாக மாற்றிப் போடுங்கள்; ஓடாத வண்டியானால் வாரத்துக்கொருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

கழற்றிய டயரில் வெடிப்போ வீக்கமோ இருந்தால் அதன் பக்கச் சுவரை உங்கள் கண்முன்னே அறுத்துவிடச் சொல்லிக் கடையிலேயே விட்டுவிடுங்கள். இல்லையெனில் அது வேறொருவர் வண்டிக்குப் போய்ச் சேரும். வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் போட்டால் முதல் மழைக்கே தண்ணீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடும். போகிக்குக் கொளுத்தலாம் என்று எடுத்து வைப்பதும் வேண்டாம். டயர்ப் புகை நச்சு, அதற்குத் தடையும் உண்டு.